கெட்டிமேளத்துக்கு ஒத்திகை

கஜேந்திரன் இன்னும் வரவில்லை. அவன் வராமலே போய்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தீர்த்தகிரி நினைத்தார். நினைத்த கையோடு வெட்கமும் பட்டார். முகூர்த்த மாதத்தில் தவில்காரனைப் பிடிப்பது குதிரைக் கொம்பு. அப்படிப்பட்டவன் காலையில் ஒரு கல்யாணம், சாயங்காலம் ஒரு வரவேற்பு என்று ஓடுகிற ஓட்டத்துக்கு நடுவில், ஸ்கூட்டரின் பின்னால் தவிலைப் பிள்ளை மாதிரி உட்காரவைத்துக் கட்டிக்கொண்டு பாலாற்று மணலுக்குள் இறங்கி வருகிறான், எதற்கு, தனக்காக, தன் ஒருவருக்காக. அவன் டயர் பஞ்சராக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற இந்த மனதை என்ன சொல்லித் திட்டுவது. கழுதை என்று திட்டலாம். ஆனால் கழுதை இதில் ஒரு தப்பும் செய்யவில்லை. அது பின்னால், கயிற்றின் அந்த முனையில், வேலிக்காத்தான் நிழலில் தன்பாட்டுக்கு நிற்கிறது. இந்த முனை இவர் கையில். நடுவில் கயிறு மணல்மேல் வளைந்து வளைந்து கிடக்கிறது, பாலாறு எப்போதோ ஓடியது போல. இரண்டு கிணற்றுக் கயிறுகளை முடிந்து நீளமாக்கியது. மகள் கல்யாணத்துக்குப் பிடித்த மண்டபத்து மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கழுதை உள்ளே வரக்கூடாது, மேடைக்குப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே வேண்டுமானால் கட்டிக்கொள்ளுங்கள். சரி, ஜன்னல் வழியாகக் கயிறு வரும், கயிற்றின் முனை மணையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் அப்பா கையில் இருக்கும், பார்க்கிறவர்கள் என்னவென்று கேட்டால் எங்கள் வீட்டு வழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆக, இன்றைக்குக் கற்பூரம், அதுதான் கழுதையின் பேர், பக்கத்தில் இல்லாமல் முதல் ஒத்திகை. கடைசி ஒத்திகையும் இதுதான். தாரை வார்க்கப்போவது யார் என்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள் என்று ஐயர் கேட்டிருக்கிறார்; தன்னால் முடியாவிட்டால் தம்பி சம்பத்தும் அவன் பெண்சாதியும் உட்காருவார்கள். தம்பி உட்கார்ந்தால் தம்பி பெண்சாதிதான் கூட உட்கார வேண்டும். அப்படியானால் தன் பெண்சாதி அமுலு? பெற்றவள், நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாள். "பாக்கறதுக்கு நாற்காலிதான் வசதி" என்று நேற்றுச் சொன்னாள், முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே, தலையைத் தூக்காமல். தலையைத் தூக்கிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

பலகை சுட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். மணைக்குப் பதில் இந்தப் பலகை, மேடைக்குப் பதில் இந்த மணல். வெயில் இறங்கத் தொடங்கிவிட்டது, அக்கரைத் தென்னைகளின் தலை மட்டும் மினுங்குகிறது, எங்கேயோ ஒரு செம்போத்து உக்கு உக்கு என்கிறது. சத்தங்களில் இது நல்ல சத்தம். வருவதைச் சொல்லிவிட்டு வருகிற சத்தம். ரயில்கூட நல்லதுதான், தூரத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வரும். சொல்லாமல் வருவதுதான் ஆகாது, குக்கர் விசில், கதவு அறைவது, தீபாவளி. தீபாவளிக்கு நாள் முழுக்கக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பார். மகள் லோகு வெளியே கதவோரம் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்வாள், சத்தமாக, வெடிக்குமேல் கேட்கிற மாதிரி. ஆனால் எல்லாவற்றுக்கும் ராஜா கெட்டிமேளம். அது வரும் என்று எல்லோருக்கும் தெரியும், எப்போது என்றுதான் தெரியாது. நாயனம் பாட்டுக்கு இழைந்துகொண்டிருக்கும், ஐயர் மந்திரத்துக்கு நடுவில் எதையோ தேடுவார், யாராவது ஒருவர் விரலைத் தூக்கி ஆட்டுவார், அவ்வளவுதான், இடி. ஆம்பூரில் அமுலுவின் அக்கா மகள் கல்யாணத்தில் அந்த இடி விழுந்தபோது தீர்த்தகிரி, பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் அம்மாவைக் கீழே தள்ளி, அந்த அம்மாள்மேல் கவிழ்ந்து, தன் முதுகால் மூடிப் பாதுகாத்தார். ஒரு சிப்பாய் செய்யவேண்டியதை மிகச் சரியாகச் செய்தார். குண்டுதான் இல்லை. அட்சதை விழுந்தது முதுகில். வீடியோக்காரன் எதையும் விடவில்லை. அந்த அம்மாள் எழுந்து கொண்டையைச் சரிசெய்துகொண்டு, "என் புருசன்கூட என்னை இப்படிக் காப்பாத்துனதில்லப்பா" என்றார், மண்டபமே சிரித்தது, அமுலுவும் சிரித்தாள், தானும் சிரித்தார். பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. லோகு சொன்னாள், "மேளமே வேணாம் நைனா, பாட்டு போட்டுக்கலாம்." அதெப்படி. பட்டாளத்திலிருந்து தான் விடுமுறையில் வந்த ஒரு வருஷம் அவள் தலையணைக்கும் விளக்குமாற்றுக்கும் கல்யாணம் பண்ணிவைத்து, அரிசி படியைக் கவிழ்த்துப் போட்டுக் கரண்டியால் தானே அடித்துக்கொண்டு, கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று வீடு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடிய பிள்ளை. அவள் கல்யாணத்துக்குச் செல்போன் பாட்டா. அன்றைக்கு அந்தப் படிச் சத்தம் இவருக்குப் பயமாக இல்லை. அது மலைக்குப் போவதற்கு முந்தின வருஷம்.

மலையை இப்போது நினைக்க வேண்டாம். கற்பூரத்தை நினைக்கலாம். மிலிட்டரி ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் முதலில் சொன்னார், வெளிநாட்டில் இந்த மாதிரிப் பட்டாளத்துக்காரர்களுக்கு நாயைத் துணைக்குக் கொடுக்கிறார்கள், நீங்களும் ஒன்று வளர்த்துப் பாருங்களேன் என்று. நாய்க்கும் இவருக்கும் ஆகாது. "குளம்பு இருந்தாத்தான் மேடம் எனக்குப் பழக்கம்" என்றார். கோவேறு கழுதைகளின் முதுகில் மாவும் மண்ணெண்ணெயும் குண்டும் ஏற்றி மலைமேல் நடத்திப்போகிற பிரிவில் வேலை பார்த்தவர் வேறென்ன சொல்வார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, குளம்பு இருந்தாலும் சரி என்றார். அந்த வாரமே தெருவில் கழுதைப் பால் விற்கிற பெண் வந்தாள், குழந்தைக்கு ஒரு சங்கு பாலு என்று கூவிக்கொண்டு. கூட வந்த இளசு ஒன்று, கறக்கவும் ஆகாது, மூட்டை சுமக்கவும் ஆகாது, கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கி ஒதுங்கி நின்றது. தீர்த்தகிரி அதன் இரண்டு காதுகளுக்கும் நடுவில் கையை வைத்தார். அங்கே ஒரு சூடு இருக்கும், சுடுசோற்றுப் பானையைத் துணியோடு தொட்டது போல, கழுதைக்கு மட்டுமே இருக்கிற சூடு. அது தன் உடம்பை மெல்லச் சாய்த்து, அவர் தொடைமேல் பாரத்தை இறக்கியது. நம்பினால்தான் கழுதை சாயும். விலை பேசி வாங்கிக் கட்டிய அன்று மத்தியானமே அவர் கொட்டகையில் அதன் பக்கத்திலேயே தூங்கிப்போனார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பகலில் ஒரு தூக்கம். எழுந்தபோது அமுலு இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஊர்ல பொம்பளைங்க எல்லாம் புருசனைக் கழுதைன்னு ஆசையா திட்டிக்கிறாங்க. எனக்கு அந்தக் குடுப்பினையும் போச்சு" என்றாள். பிறகு கிட்டே வந்து முகர்ந்து பார்த்து, பேரும் வைத்தாள். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு இனி ஒரு பய சொல்லட்டும் பாக்கலாம். இவ பேரே கற்பூரம்." சம்பந்தியம்மாவும் சளைத்தவரல்ல. அவர்கள் மளிகைக்கடைச் சுவரில் 'என்னைப் பார் யோகம் வரும்' என்று கழுதைப் படம் மாட்டியிருக்கிறது. "படத்துக்கே இவ்ளோ யோகம்னா நேர்ல வந்தா கேக்கணுமா, கூட்டினு வாங்க சம்பந்தி" என்றுவிட்டார். உலகத்தில் நல்லவர்கள் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறார்கள், அதனால்தான் தப்பிக்க வழியில்லை.

ஸ்கூட்டர் சத்தம். டயர் பஞ்சராகவில்லை. கஜேந்திரன் மணலில் திணறித் திணறி வந்து நிறுத்தி, தவிலை இறக்கித் தோளில் மாட்டினான், பட்டு வேட்டியில் சாம்பார் கறை. "மன்னிச்சுக்க மிலிட்டரிண்ணா, பந்தில வடை நல்லாருந்துச்சு, எழ மனசு வரல." வலது கை விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே கேட்டான், "நூலு கொண்டாந்தியா?" கொண்டுவந்திருந்தார். மஞ்சள் நூல் இல்லாமல் கஜேந்திரன் வாசிக்க மாட்டான். தாலி ஏறாத இடத்தில் கெட்டிமேளம் கொட்டினால் தவிலுக்கு ஆகாது என்று முதல் நாளே சொல்லிவிட்டான்; எதன்மேலாவது ஒரு மஞ்சள் முடிச்சு விழுந்தே ஆகவேண்டும். யோசித்து யோசித்து வேலிக்காத்தான் மரத்துக் கிளையில் கட்டுவது என்று முடிவாயிற்று. தினமும் ஒரு முடிச்சு. இப்போது மரம் பார்க்க ரொம்ப மங்களகரமாக இருக்கிறது. போதாதற்கு யாரோ வந்து குங்குமமும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "இன்னிக்கி நான் இந்தக் கிட்டத்துல உக்காந்து வாசிக்கப்போறேன். மேடையில இப்படித்தான் இருக்கும். முடியலன்னா கையைத் தூக்கு, நிறுத்திடறேன்" என்றான் கஜேந்திரன். கையைத் தூக்கு. எத்தனை சுலபம். நேற்று வரை கற்பூரம் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, அந்தப் பாரம் தொடையில் இருந்தது, அதனால் கையைத் தூக்கவில்லை. அப்படியும் உள்ளங்கை வேர்த்தது. மேடையில் கையைத் தூக்கினால் யார் நிறுத்துவார்கள், லோகுவின் கழுத்துக்கும் மாப்பிள்ளையின் கைக்கும் நடுவில் தாலி நிற்கும்போது. சம்பத்துக்கு இப்போதே போன் போட்டுவிடலாம். அவன் நல்ல பிள்ளை, வேட்டியை இஸ்திரி போட்டு வைத்திருப்பான். அண்ணா, நீ மனசு கஷ்டப்படாதே என்பான். அதைக் கேட்கத்தான் முடியாது.

மேட்டிலிருந்து பேச்சுக் குரல்கள் இறங்கி வந்தன. நூறு நாள் வேலை முடிந்து ஆற்றைக் குறுக்கே கடந்து போகிற பெண்கள், தலையில் முக்காடு, இடுப்பில் தூக்குப்பாத்திரம். தவிலைப் பார்த்தார்கள், மஞ்சள் நூல் தொங்குகிற மரத்தைப் பார்த்தார்கள், மரத்தடியில் கழுதையைப் பார்த்தார்கள். எல்லார் முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்தது. "மழைக்குக் கழுதக் கல்யாணமா?" என்றாள் முன்னால் வந்தவள், முனியம்மா என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள். "அதான தினம் மேளம் கேக்குதேன்னு பார்த்தேன். நல்ல காரியம் பண்றீங்க. இந்த வருசம் ஒரு துளி இல்ல." இல்லையம்மா என்று சொல்ல தீர்த்தகிரி வாயைத் திறந்தார். எங்கிருந்து தொடங்குவது? மலையிலிருந்தா? ஆம்பூரிலிருந்தா? கஜேந்திரன் முந்திக்கொண்டு, "ஆமாக்கா, மழைக்குத்தான்" என்றான். "மாப்ள எங்க?" "வர்ற வழியில லாரில மாட்டிக்கிச்சு." "இருக்கட்டும். பொண்ணுக்கு முதல்ல நூலைக் கட்டிடலாம். தம்பி, நீங்க பொண்ணோட நைனாவா? அங்கயே குந்துங்க, எழாதீங்க." நூல் முனியம்மாவின் கைக்குப் போனது. பெண்கள் எல்லோரும் அவரைக் கடந்து, முதுகுக்குப் பின்னால் மரத்தடிக்குப் போய்விட்டார்கள். கூட்டம். கற்பூரத்துக்குக் கூட்டம் ஆகாது. தான் திரும்பிப் பார்க்கலாமா? மண்டபத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்க்க முடியாது, இங்கேயும் பார்க்கக்கூடாது. கஜேந்திரன் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, ஏதோ நடையை மெதுவாகத் தொடங்கினான், இழைவாக, விரல்கள் தோலைத் தடவுவது போல. இது சரி, இது நல்ல சத்தம், செம்போத்து மாதிரி. வரும். இப்போது வரும். இதோ. இல்லை. ஒன்றும் வராத அந்த இடைவெளிதான், மலையிலும் அப்படித்தான், விசில் மாதிரி ஒன்று கேட்டு முடிந்த பிறகு ஒரு மௌனம் இருக்குமே, அதற்குள்

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று முனியம்மா பின்னாலிருந்து கத்தினாள். விழுந்தது. மணல் அதிர்ந்தது, பலகை அதிர்ந்தது, பல் அதிர்ந்தது, வானம் தோல் மாதிரி இழுத்துக் கட்டப்பட்டு அதன்மேல் யாரோ அடித்தார்கள், பனி, பனியில் ஒற்றையடிப் பாதை, முன்னால் போகிற விலங்கின் பிட்டத்தில் உறைந்த பனித்துகள், சாந்தினி, அவள் பேர் சாந்தினி, கோவேறு கழுதை, காதுகள் மட்டும் வெளுப்பு, பாதைக்குக் கீழே குண்டு விழுந்தது, பாதை போனது, அவள் பின்னங்கால்கள் காற்றில் இருந்தன, கயிறு கையில் இருந்தது, இழுத்தது, விடு தீர்த்தகிரி விடு என்று எல்லோரும் கத்தினார்கள், விட்டார். விடாவிட்டால் அவரும் போயிருப்பார், எல்லோரும் சொன்னார்கள், அது நிஜம்தான், தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியாது. அன்றிலிருந்து இந்தக் கை எந்தக் கயிற்றையும் இறுக்கித்தான் பிடிக்கும், கிணற்றுக் கயிறோ கொடிக் கயிறோ, விரல் வெளுக்கும் வரை. இப்போதும் இறுக்கியிருந்தது. கயிறு மணலைவிட்டு எழுந்து விறைத்து நின்றது, நடுமுடிச்சு காற்றில் துடித்தது. அந்த முனையில் கற்பூரம் இழுக்கிறது. கூட்டமும் அடியும் அதற்குப் பயம். நடுக்கம் கயிறு வழியாக வருகிறது. வருகிறதா, போகிறதா? யாருடைய நடுக்கம் இது? மலையில் விலங்கு நடத்திய அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி, பயம் கயிற்றில் போகும். நீ இறுக்கினால் அதற்குச் சேதி போகும், ஆபத்து, ஆபத்து என்று. நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் அதற்கு. பிள்ளையை நானே பயமுறுத்துகிறேன். தளர்த்து. தளர்த்தினால் போய்விடும். போகாது, இங்கே பள்ளம் இல்லை, ஆறு, மணல், தளர்த்து. சுண்டுவிரல் முதலில் கழன்றது. பிறகு அடுத்தது. தவில் நிற்கவில்லை, கஜேந்திரன் இவர் கையையே பார்த்துக்கொண்டு அடித்தான், கை மேலே எழவில்லை, கீழே இறங்கியது, மடியில் இறங்கித் திறந்துகொண்டது, திறந்த உள்ளங்கையில் கயிறு சும்மா கிடந்தது. முடிச்சு மணலைத் தொட்டது. "ஆராம் சே, பேட்டி" என்றார், மெதுவாக, எந்தக் காதுக்கும் கேட்காத தவில் சத்தத்துக்குள். மெல்ல மகளே என்று சாந்தினிக்குச் சொன்ன அந்த இந்தி வார்த்தைகள் வாயில் வந்து எத்தனை காலம் ஆயிற்று. பொறுத்திருந்தார். தவில் அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் உட்கார்ந்து பொறுத்திருந்தார், மழைக்கு ஒதுங்கியவனைப் போல. பிறகு உள்ளங்கையில் கயிறு லேசாக ஒருமுறை நகர்ந்தது. இழுப்பு இல்லை. இருக்கிறாயா என்று கேட்பது போல ஒரு அசைவு. இரண்டு விரலால் அவரும் ஒருமுறை அசைத்தார். இருக்கிறேன்.

தலைமேல் ஏதோ விழுந்தது. சில்லென்று இருந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். தொட்டுப் பார்த்தார்: தயிர்சோறு. அட்சதைக்கு அரிசி இல்லாததால் பெண்கள் தூக்குப்பாத்திரத்தில் மிச்சமிருந்ததை அங்கேயும் இங்கேயும் ஓடி அள்ளித் தூவிக்கொண்டிருந்தார்கள், மரத்துக்கும் கழுதைக்கும் பெண்ணின் நைனாவுக்கும். ஒரு கறிவேப்பிலை அவர் காதில் தொங்கியது. அந்த நேரம் பார்த்துக் கற்பூரம் கழுத்தை நீட்டி, அடிவயிற்றிலிருந்து எடுத்து, தவிலுக்குமேல் கத்தியது. பெண்கள் ஆரவாரம் போட்டார்கள், கழுதை கத்தினால் காரியம் ஜெயம் என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள், கஜேந்திரன் சிரிப்பை அடக்க முடியாமல் தாளம் தப்பி, தப்பிய இடத்திலிருந்தே பிடித்துக்கொண்டு மேலே போனான். தீர்த்தகிரி அண்ணாந்து பார்த்தார். வானத்தில் பொட்டு மேகம் கிடையாது, சுத்தமான நீலம். பரவாயில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, உடம்பு பயந்துகொண்டுதான் இருந்தது, அது பாட்டுக்குப் பயப்படட்டும், பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறதே, பலகையைவிட்டு எழவில்லையே, யாரையும் தள்ளவில்லையே. மணையில் உட்கார்ந்து நடுங்குகிற அப்பாவைப் பார்த்து ஊர் என்ன நினைக்கும்? பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று நினைக்கும். நினைக்கட்டும். அமுலு பக்கத்தில் இருப்பாள், தலையைத் தூக்கிக்கொண்டு. திடீரென்று சிரிப்பு வந்தது, வயிற்றிலிருந்து, கழுதை கத்துகிற இடத்திலிருந்தே. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மற்றக் கையில் கயிறு இருந்தது, அதை எடுக்க மனசில்லை, போனை முனியம்மாவிடம் நீட்டினார், "சம்பத்துன்னு இருக்கும், போட்டுக் குடும்மா." அவள் முக்காட்டில் கையைத் துடைத்துக்கொண்டு தேடிப் போட்டுக் கொடுத்தாள். "நிறுத்தட்டுமா?" என்று கஜேந்திரன் கண்ணாலேயே கேட்டான். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அண்ணா?" என்றான் சம்பத்து போனில். "அண்ணா, எங்க கீற? அது இன்னா சத்தம்? இன்னா ஆச்சு?" அவன் குரல் பதறியது, அவனுக்கும் ஆம்பூர் ஞாபகம் இருக்கும். "கெட்டிமேளம்டா" என்றார் தீர்த்தகிரி, கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. "பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். எதிர்லயே." போனைத் தவில் பக்கம் நீட்டிப் பிடித்தார். "கேக்குதாடா?" "கேக்குதுண்ணா" என்றான் சம்பத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நல்லா கேக்குது." "அப்ப நீ பந்தியைப் பாத்துக்க. வடை மட்டும் கஜேந்திரன் கண்ணுல படாம வெச்சுக்க."